ஹுவாராஸில் ஆறு இரவு, இரண்டு பேர்: எவ்வளவு ஆகும், எப்படி அடுக்குவது?

கேள்வி இதுதான்: ஜூன் மாதம் லிமாவில் இறங்கி, தரைவழியாக வடக்கே துருஹியோவுக்கும் அங்கிருந்து எக்வடோருக்கும் போகும் ஒரு தம்பதி, நடுவில் பெருவின் மலையூரான ஹுவாராஸில் ஆறு இரவு தங்க நினைக்கிறார்கள். இருவரும் சைவம், முட்டை சேரும். லகுனா 69 என்ற ஏரியைப் பார்த்தே ஆக வேண்டும். கையைக் கடிக்காமல் எப்படிப் போய் வருவது?

தொகையை முதலில் சொல்லிவிடுகிறேன். லிமாவில் பஸ் ஏறுவது முதல் துருஹியோவில் இறங்குவது வரை, இருவருக்கும் சேர்த்து 1,350 முதல் 1,400 சோல். ஒரு சோலை 25 ரூபாய் என்று வைத்தால் சுமார் 35,000 ரூபாய். இந்தக் கணக்கு எகிறுவது பெரும்பாலும் அறை வாடகையாலோ சாப்பாட்டாலோ இல்லை. வந்த மறுநாளே லகுனா 69க்குப் பணம் கட்டி, பாதி ஏற்றத்தில் வாந்தி எடுத்துத் திரும்பி, இரண்டு நாள் அறையில் சுருண்டு கிடந்து, பிறகு அதே டூருக்கு மறுபடி பணம் கட்டுவதால்தான் எகிறுகிறது. எந்த நாளில் எங்கே ஏறுவது என்ற வரிசையைச் சரியாகப் போட்டுவிட்டால் பாதி சிக்கனம் தானாக வந்துவிடும்.

ஏன் என்று பார்ப்போம். ஹுவாராஸ் 3,050 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நம் தொட்டபெட்டா உச்சியே 2,637 மீட்டர்தான். அதைவிட நானூறு மீட்டர் மேலே போய்த்தான் இங்கே பஸ்ஸை விட்டே இறங்குகிறோம். கடல் மட்டத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் இந்த ஊரில் ஏறக்குறைய 70 சதவீதம் கிடைக்கும். லகுனா 69 இருக்கும் 4,600 மீட்டரில் 57 சதவீதம் போல. உடம்பு இதற்குப் பழக நாள் பிடிக்கும். வயதோ ஜிம் உடம்போ இதில் செல்லாது. தம்பதிகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, இரண்டு பேர் உடம்பும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. ஒருவர் இரண்டாம் நாளே துள்ளிக்கொண்டு நிற்பார், மற்றவர் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குவார். மெதுவாகப் பழகுகிறவரை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

லிமாவிலிருந்து ஹுவாராஸ் சுமார் 400 கிலோமீட்டர், எட்டு மணி நேரம். இரவு பஸ் ஒரு இரவு வாடகையை மிச்சம் பிடிக்கும் என்று எல்லோரும் அதில் ஏறுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வழியில் கோனோகோச்சா ஏரி பக்கம் சாலை 4,000 மீட்டரைத் தாண்டும். தூக்கத்தில் மூச்சு இயல்பாகவே மெதுவாகும் நேரத்தில் அந்த உயரத்தைக் கடந்து, விடிகாலை ஐந்து மணிக்குக் குளிரில் இறங்கினால், அறை மதியம்தான் கிடைக்கும். அன்றைய பகல் முழுக்க மண்டையிடிதான். பகல் பஸ்ஸில் போனால் விழித்திருந்து தண்ணீர் குடித்துக்கொண்டே வரலாம். சாயங்காலம் இறங்கி, சூப் குடித்து, படுத்துவிடலாம். டிக்கெட் ஆளுக்கு 50 முதல் 70 சோல், சீட் சாய்வைப் பொறுத்தது. பாஸ்போர்ட் எண் கேட்பார்கள். பெரிய பைக்கு ரசீது ஒட்டுவார்கள், அதைத் தொலைக்காதீர்கள். சின்னப் பையை மேலே தட்டிலும் காலடியிலும் வைக்க வேண்டாம், மடியில் வையுங்கள். பஸ்ஸில் பைகள் காணாமல் போவது அந்த இரண்டு இடங்களிலிருந்துதான்.

ஊரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கல் பாவிய தெருவும் ஓட்டு வீடுமாக ஒரு பழைய ஸ்பானிய ஊரை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். 1941 டிசம்பரில் மேலே இருந்த பால்ககோச்சா ஏரி உடைந்து ஊரின் ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போனது. 1970 மே 31 நிலநடுக்கத்தில் மிச்சமிருந்ததில் பெரும்பகுதி சரிந்தது. அதே நிலநடுக்கத்தில் உவாஸ்கரான் மலையிலிருந்து பனியும் பாறையும் சரிந்து வடக்கே யுங்காய் என்ற ஊரையே மூடிவிட்டது. இன்றைய ஹுவாராஸ் அதற்குப் பிறகு அவசரமாக எழும்பிய கான்கிரீட் ஊர். அழகெல்லாம் கிழக்கே தலைநிமிர்ந்து பார்த்தால் தெரியும் பனிமலை வரிசையில், கோர்தியேரா பிளாங்காவில்.

அறைக்கு இருவருக்கும் ஒரு இரவு 60 சோல் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே தம்பதிகள் செய்யும் கணக்குப் பிழை ஒன்று உண்டு. டார்மிட்டரி மலிவு என்று ஆளுக்கு 35 சோலுக்கு இரண்டு கட்டில் எடுப்பார்கள், 70 ஆகிவிடும். பொதுக் குளியலறை உள்ள தனி அறையே அதைவிடக் குறைவாகக் கிடைக்கும். 'மாத்ரிமோனியால்' என்று கேட்டால் ஒரே பெரிய கட்டில். 'தோப்லே' என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு ஒற்றைக் கட்டில், விலையும் கூடுதலாக இருக்கலாம். அறையில் ஹீட்டர் இருக்காது. 'ஃபிராசாதா' என்றால் கம்பளி. இன்னொன்று கேட்டால் காசு வாங்காமல் தருவார்கள்.

வெந்நீர் வரும் என்று சொன்னால், எப்படி வரும் என்று கேளுங்கள். சோலார் என்றால் பகல் மூன்று மணிக்குச் சூடாக இருக்கும், விடிகாலையில் பச்சைத் தண்ணீர். மின்சார ஷவர் என்றால் தலைக்கு மேல் உருண்டையாக ஒரு பிளாஸ்டிக் குமிழ், அதற்குள்ளேயே சூடேற்றும் கம்பிச்சுருள். குழாயை முழுக்கத் திறந்தால் தண்ணீர் சூடேற நேரமில்லாமல் ஜில்லென்று கொட்டும். கால்வாசி திறந்தால்தான் வெந்நீர். ரொம்பக் குறைத்தால் அந்தச் சுருள் அணைந்துவிடும். எரியும்போது அந்தக் குமிழையோ வயரையோ ஈரக் கையால் தொட்டு அட்ஜஸ்ட் செய்யாதீர்கள், எர்த் இணைப்பை நம்ப முடியாது. கழிப்பறைக் காகிதம் பக்கத்தில் உள்ள கூடையில்தான் போக வேண்டும், உள்ளே போட்டால் அடைத்துக்கொள்ளும். மின்சாரம் 220 வோல்ட். நம் இரண்டு முனை போன் சார்ஜர் பெரும்பாலான பிளக்கில் ஏறிவிடும், மூன்று முனை ஏறாது.

சாப்பாட்டுக்கு இருவருக்கும் நாளொன்றுக்கு 65 சோல் போதும். மதியம் 'மெனு' என்று ஒன்று எல்லா சின்ன ஹோட்டலிலும் உண்டு: சூப், சோறு வைத்த ஒரு தட்டு, ஒரு கோப்பை பானம், 10 முதல் 12 சோல். சைவத்துக்கு இங்கேதான் இடறும். 'வெஹெதாரியானோ' என்று சொன்னால் மாட்டிறைச்சியை எடுத்துவிட்டு கோழியைப் போடுவார்கள். அவர்கள் கணக்கில் 'கார்னே' என்றால் மாடுதான். ஆகையால் ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும்: சின் கார்னே, சின் போயோ, சின் பெஸ்காதோ (மாடு, கோழி, மீன் எதுவும் இல்லாமல்). அப்படிச் சொன்னாலும் சூப் கோழி எலும்பு வேகவைத்த தண்ணீரில்தான் இருக்கும். கண்டிப்பானவர்கள் சூப்பை விட்டுவிட்டு, சோறு, முட்டை, உருளை, அவகாடோ என்று கேட்பது நல்லது: 'அரோஸ் கோன் வெவோ, பாபா இ பால்தா'. எல்லா ஊரிலும் உள்ள சீன வகைக் கடை 'சிஃபா'. அங்கே முட்டை மட்டும் போட்ட ஃபிரைட் ரைஸ் ஒரு தட்டு வாங்கினால் இரண்டு பேருக்குக் காணும், அளவு அப்படி.

ஹுவாராஸுக்கே உரிய ஒன்றைத் தவறவிடாதீர்கள்: செபீச்சே தே சோச்சோ. சோச்சோ என்பது மொச்சை அளவில் தட்டையாக, வெளிறிய மஞ்சளில் இருக்கும் ஒரு மலைக்கொட்டை. அப்படியே தின்றால் கசப்பும் நஞ்சும்; வேகவைத்து நாள்கணக்கில் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துக் கசப்பை எடுத்தபிறகே விற்பார்கள். தெருவோரம் அதில் வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி, மிளகாய் போட்டு எலுமிச்சை பிழிந்து, பொரித்த சோளத்தோடு சின்னக் கிண்ணத்தில் தருவார்கள். தாளிக்காத சுண்டல் என்று நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு சோல்தான். புரதத்துக்கு இதைவிட மலிவாக எதுவும் கிடைக்காது. பச்சை வெங்காயம் சேர்வதால் கூட்டம் மொய்க்கும் கடையில் மட்டும் சாப்பிடுங்கள். அதுவும் மலை ஏறப்போகும் முந்தைய நாள் வேண்டாம்.

ஹாஸ்டல் சமையலறையில் சமைத்தால் இன்னும் மிச்சம். ஆனால் இந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்குமேல் சூடேறாது. கையோடு கொண்டுபோன துவரம்பருப்பு குக்கர் இல்லாமல் ஒன்றரை மணி நேரம் போனாலும் மசியாமல் நிற்கும். சோறுகூட நடுவில் அரிசியாக நிற்கும். இன்னும் அரை டம்ளர் தண்ணீர், பத்து நிமிடம், மூடி திறக்காமல். கினோவா, மெல்லிய நூடுல்ஸ், ஓட்ஸ், முட்டை இவைதான் கேஸையும் பொறுமையையும் மிச்சம் பிடிக்கும். கினோவாவை நுரை நிற்கும்வரை அலசுங்கள், இல்லையென்றால் சோப்பு வாடை. குடிதண்ணீரைக் காய்ச்சுவதானால் மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்கட்டும்.

இனி நாள் வரிசை. முதல் நாள் பஸ். இரண்டாம் நாள் ஒன்றும் செய்யாதீர்கள். சந்தை, துணிக்குக் கிலோ கணக்கில் சலவைக் கடை, ஊர்ச் சதுக்கமான பிளாசா தே ஆர்மாஸில் உள்ள ஐபெரு சுற்றுலாத் தகவல் நிலையம் (காசு வாங்க மாட்டார்கள்), ஹினெப்ரா பூங்காவில் உள்ள மலை வழிகாட்டிகளின் அலுவலகமான காசா தே கியாஸ். ஊருக்கு மேலே சிலுவை நிற்கும் ரட்டாகெனுவா மிராதோர் என்ற காட்சி மேட்டுக்கு நடந்து போகாதீர்கள், வழிப்பறி நடக்கும் பாதை அது. ஆசையாக இருந்தால் டாக்ஸியைக் காத்திருக்கச் சொல்லிப் போய் வாருங்கள்.

மூன்றாம் நாள் வில்ககோச்சா ஏரி, 3,725 மீட்டர். ஓரிரு சோல் கொடுத்து கோம்பி என்ற ஷேர் வேனில் தெற்கே அரை மணி நேரம் போய், பாலத்தருகே இறங்கி, பனிமலைக்கு எதிர்ப்பக்கம் உள்ள கறுப்பு மலைத்தொடரான கோர்தியேரா நெக்ராவில் இரண்டு மணி நேரம் ஏற வேண்டும். ஏரி ஒரு குட்டைதான். ஆனால் திரும்பிப் பார்த்தால் பனிமலை வரிசை முழுக்க எதிரே நிற்கும். இந்த நாள்தான் பரீட்சை. இருவரில் யாருக்காவது இங்கே தலைவலியோடு குமட்டலும் வந்தால், அடுத்த ஏற்றத்தை ஒரு நாள் தள்ளுங்கள். வழியில் ஆட்டு நாய்கள் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாமல், கல் எடுப்பதுபோல் குனிந்தாலே போதும்.

நான்காம் நாள் சுருப் ஏரி, 4,450 மீட்டர். காலை ஆறரை ஏழுக்குள் பித்தெக் போகும் வேன், ஆளுக்குப் போக வர 30 சோல்வரை. கடைசிப் பகுதியில் பாறையில் இரும்புக் கயிறு பிடித்து ஏற வேண்டும். முதல் நாள் மழை பெய்திருந்தாலோ, உயரம் பார்த்தால் ஒருவருக்குக் கால் நடுங்கினாலோ, இதை விட்டுவிட்டுப் பாரோன் ஏரி டூரை எடுங்கள். அங்கே 4,185 மீட்டரில் கரைவரை வண்டி போகும். திரும்பும் வேன் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே டிரைவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஐந்தாம் நாள் ஓய்வு.

ஆறாம் நாள் லகுனா 69. டூர் வண்டி விடிகாலை ஐந்துக்கு ஆளை ஏற்றும். ஆளுக்கு 40 முதல் 50 சோல், அதில் சாப்பாடும் பூங்காக் கட்டணமும் சேராது. வழியில் யாங்கானுகோ ஏரியில் நிறுத்தி, செபோயாபம்பாவில், 3,900 மீட்டரில், இறக்கிவிடுவார்கள். போக வர 14 கிலோமீட்டர் போல, ஏற்றம் 700 மீட்டர். தொடக்கம் மாடு மேயும் சமவெளி. ஏமாந்து வேகமாக நடப்பவர்கள் எல்லோரும் இங்கேதான் சக்தியை இறைக்கிறார்கள். பிறகு அருவியை ஒட்டி வளைந்து வளைந்து ஒரு ஏற்றம், ஒரு குட்டி ஏரி, மறுபடி ஒரு சமவெளி. அதன் முடிவில் எதிரே சுவர்போல் நிற்கும் கடைசி ஏற்றம், முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். கடைசி ஏற்றத்தின் அடியில் உட்கார்ந்து பத்து நிமிடம் இனிப்பு ஏதாவது தின்றுவிட்டு, பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகத்தில் ஏறுங்கள். வார்த்தை வராமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம்.

இருவரும் கிளம்புமுன்பே ஒன்றைப் பேசி முடிவு செய்துவிடுங்கள்: இத்தனை மணிக்குள் ஏரி வரவில்லை என்றால் எங்கே நின்றாலும் திரும்புவது. வழிகாட்டி வண்டி கிளம்பும் நேரத்தைச் சொல்வார்; இறங்க இரண்டு மணி நேரம் கழித்தால் உங்கள் கெடு தெரிந்துவிடும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், மழைக்கோட்டு, கொஞ்சம் பணம், பாஸ்போர்ட் நகல் எல்லாம் அவரவர் பையில் இருக்கட்டும். ஒரே பையில் எல்லாவற்றையும் போட்டு ஒருவர் சுமந்தால், மற்றவர் பாதியில் திரும்ப வேண்டிவரும்போது தண்ணீர்கூட இல்லாமல் நிற்பார். அங்கே போனுக்குச் சிக்னலும் கிடையாது. தலைவலி மட்டும் என்றால் உட்கார்ந்து பார்க்கலாம். தள்ளாட்டம், உளறல், உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சுத் திணறல், நுரையோடு இருமல் இவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்கக் கூடாது, உடனே இறக்க வேண்டும், தனியாக அனுப்பவும் கூடாது.

உயரத்தால் வரும் மலைநோய்க்கான மாத்திரை பற்றி. அசெட்டசோலமைடு 125 மில்லிகிராம் காலை, மாலை என்று ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்குவது வழக்கம். விரல் நுனியில் ஊசி குத்தும், அடிக்கடி சிறுநீர் வரும். சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆகாது, கிளம்புமுன் மருத்துவரைக் கேளுங்கள். ஊரில் 'ஸொரோச்சே' (மலைநோய்) மாத்திரை என்று விற்பதில் ஆஸ்பிரினும் காஃபினும்தான். வலியை மறைக்குமே தவிர உடம்பைப் பழக்காது. கோகா இலைத் தேநீர் இதமானது, ஆனால் அந்த இலையை ஊருக்கு எடுத்து வராதீர்கள்.

உவாஸ்கரான் தேசியப் பூங்காக் கட்டணத்தில் ஒரு சூட்சுமம். ஒரு நாள் சீட்டு ஆளுக்கு 30 சோல், மூன்று நாள்வரை 60, முப்பது நாள்வரை 150. மேலே சொன்ன வரிசையில் நான்காம் நாளும் ஆறாம் நாளும் சேர்ந்து மூன்று நாளுக்குள் வருவதால் 60 சோல் சீட்டு போதும். இரண்டு தனிச் சீட்டுக்கும் அதே விலைதான், ஆனால் ஐந்தாம் நாள் உடம்பு தெம்பாக இருந்தால் அன்றைய பூங்கா நுழைவு இலவசமாகக் கிடைக்கும். இதே கணக்குதான் சாந்தா குருஸ் நடைப்பயணத்தில் எதிராகத் திரும்புகிறது. அது நான்கு நாள், 4,750 மீட்டரில் ஒரு கணவாய். நான்காவது நாளுக்காக ஆளுக்கு 150 சோல் சீட்டு வாங்க வேண்டும். கூடாரம், தூக்கப்பை வாடகை, கேஸ் சேர்த்தால் ஆறு இரவுப் பயணத்தில் அது அடங்காது.

பணத்தை லிமாவிலேயே எடுத்து வந்தாலும் இங்கே எடுத்தாலும் ஏடிஎம் ஒவ்வொரு முறையும் 20 சோலுக்கு மேல் பிடிக்கும். ஆகவே ஒரே தடவையில் பெரிய தொகை. திரையில் உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். டாலர் கொண்டுபோனால் நுனி கிழிந்த நோட்டு ஒன்றுகூட இருக்கக் கூடாது, தொடமாட்டார்கள். ஜூன் உலர் பருவம், வானம் தெளிவு, இரவில் கடும் குளிர். தேதி தள்ளிப்போய் ஜூலை 28 சுதந்திர தின வாரத்தில் விழுந்தால் அறையும் பஸ்ஸும் விலை ஏறி நிரம்பியும் போகும்.

கடைசி நாள் துருஹியோவுக்கு இரவு பஸ் நேராக உண்டு. பகலில் போக முடிந்தால் கான்யோன் தெல் பாதோ வழியாகப் போங்கள். சாந்தா ஆறு இரண்டு மலைத்தொடருக்கும் நடுவே அறுத்துக்கொண்டு இறங்கும் பள்ளத்தாக்கு. ஒரு வண்டி மட்டும் நுழையும் 35 சுரங்கம், ஒவ்வொன்றுக்கும் முன்னால் டிரைவர் ஹாரன் அடித்து எதிரே வண்டி இல்லை என்று பார்த்துத்தான் நுழைவார். கடலோர ஊரான சிம்போத்தே வரை ஆளுக்கு 30 சோல் போல, முழுப் பகல் பயணம். டிக்கெட் எடுக்கும்போது 'போர் எல் கான்யோன்' என்று கேட்டு உறுதி செய்யுங்கள், காஸ்மா என்ற ஊர் வழியாகவும் சிம்போத்தே பஸ் உண்டு. சாலை மறியல் நடந்தால் இரண்டுமே நின்றுபோகும், அதனால் எல்லை கடக்கும் தேதிக்கும் விமானத்துக்கும் ஒரு நாளாவது இடைவெளி விடுங்கள். சிம்போத்தேயில் டெர்மினலை விட்டு வெளியே வர வேண்டாம். உள்ளேயே துருஹியோ பஸ் அடிக்கடி கிளம்பும், இரண்டரை மணி நேரம், ஆளுக்கு 15 முதல் 20 சோல்.